தக்காளிக் காய்ச்சலா, அம்மையா? குழந்தையின் கையில் வரும் கொப்புளத்துக்குப் பின்னால் இருக்கும் வைரஸ்கள்

‘பனி’ என்றால் நமக்கு மார்கழிக் குளிர். களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் அதே சொல்லுக்குக் காய்ச்சல் என்று பொருள். 2022 மே மாதம் கொல்லம் மாவட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் சிவந்த கொப்புளங்களும் வந்தபோது, மலையாளத்தில் அதைத் ‘தக்காளிப் பனி’ என்றார்கள். கொப்புளம் சிவந்து உருண்டு தக்காளிபோலத் தெரிந்ததால் வந்த பெயர். தமிழில் அது ‘தக்காளிக் காய்ச்சல்’ ஆனது. ஆங்கிலச் செய்திகளில் ‘டொமேட்டோ ஃப்ளூ’ ஆகி, சில மாதங்களில் ஏதோ ஒரு புதுக் கொள்ளைநோய் இந்தியாவில் கிளம்பிவிட்டது என்கிற அளவுக்கு உலகம் முழுக்கப் பேச்சானது.

தக்காளிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் கிடையாது. ஃப்ளூ வைரஸுக்கும் சம்பந்தம் கிடையாது. பெயரில் இருக்கும் இரண்டு சொல்லுமே தப்பு. ஆனாலும் அந்தப் பெயர்தான் ஓடியது.

கொல்லத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே சுமார் 100 கிலோமீட்டர்தான். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மக்களுக்குத் திருவனந்தபுரம் என்பது வேற்று மாநிலத்துத் தலைநகரம் அல்ல. மருத்துவமனை, கல்லூரி, கல்யாணச் சேலை எல்லாவற்றுக்கும் பஸ் ஏறிப் போகிற ஊர். 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. கோடு மாறினாலும் போக்குவரத்து மாறவில்லை. ஆகவே கொல்லத்தில் குழந்தைகளுக்கு ஒரு நோய் என்றால், நாஞ்சில் நாட்டுப் பெற்றோருக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தி.

அந்த ஆண்டு நடந்ததைத் தேதி வாரியாகப் பார்க்கலாம். முதல் நோயாளி பதிவானது மே 6 அன்று. ஜூலை 26 வரை கொல்லத்தின் அரசு மருத்துவமனைகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 82 குழந்தைகள் பதிவானார்கள். அஞ்சல், ஆரியங்காவு, நெடுவத்தூர் ஆகிய ஊர்களின் பெயர்கள் அடிபட்டன. ஆரியங்காவு, செங்கோட்டையைத் தாண்டி மலை ஏறினால் வரும் ஊர். கோவை அருகே வாளையாறு சோதனைச் சாவடியில் கேரளத்தில் இருந்து வரும் குழந்தைகளைத் தமிழக மருத்துவக் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். ஒடிசாவிலும் 26 குழந்தைகளுக்கு இதே அறிகுறிகள் என்று தகவல் வந்தது. ஆகஸ்ட் 17 அன்று ‘லான்செட்’ குழுமத்தின் சுவாச மருத்துவ இதழ் இதைப் பற்றி ஒரு கடிதம் வெளியிட்டது. சிக்குன்குன்யா அல்லது டெங்கு வந்து போனதன் பின்விளைவாக இருக்கலாம், கை, கால், வாய் நோயின் புது வடிவமாகவும் இருக்கலாம் என்று இரண்டு பக்கமும் அதில் எழுதியிருந்தார்கள். ஆகஸ்ட் 23 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது.

இடையில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. இந்தியாவின் முதல் குரங்கம்மை நோயாளி உறுதிசெய்யப்பட்டது 2022 ஜூலை 14 அன்று. வளைகுடாவில் இருந்து திரும்பிய அவரும் கொல்லத்துக்காரர். ஒரே மாவட்டம், ஒரே பருவம், இரண்டும் கொப்புள நோய். வாட்ஸ்ஆப்பில் இரண்டின் படங்களும் கலந்து சுற்றின. கோவிட் பயம் அடங்காத நேரம் வேறு. எந்தத் தாய்தான் பதறாமல் இருப்பார்?

குழப்பத்துக்கு விடை தந்தவர்கள் பிரிட்டனில் வசிக்கும் ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும். பையனுக்கு 5 வயது, தங்கைக்கு 13 மாதம். குடும்பத்தோடு ஒரு மாதம் கேரளத்தில் இருந்துவிட்டு 2022 மே மாதம் ஊர் திரும்பினார்கள். ஒரு வாரத்துக்குள் கொப்புளங்கள் வந்தன. கேரளத்தில் இருந்தபோது இதேபோல் வந்து தேறிக்கொண்டிருந்த ஒரு குழந்தையோடு விளையாடியிருந்தார்கள். அங்குள்ள மருத்துவர்கள் மாதிரி எடுத்து, வைரஸின் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்துப் பார்த்தபோது கிடைத்த பெயர்: காக்சாக்கி வைரஸ் ஏ16. புது வைரஸ் அல்ல. அறுபது வருஷத்துக்கு மேலாக மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த பழைய ஆள்.

அம்மை அல்ல, கோமாரியும் அல்ல

இந்த நோயின் முறையான பெயர் கை, கால், வாய் நோய். உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் உட்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் புண்ணோ கொப்புளமோ வருவதால் இந்தப் பெயர். 1957இல் கனடாவின் டொரன்டோவில் இப்படி ஒரு பரவல் விவரிக்கப்பட்டது. 1959இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் வந்த பரவலின்போது ‘கை, கால், வாய்’ என்ற பெயர் நிலைத்தது. இரண்டிலும் காரணம் அதே ஏ16.

நம்மூர் வீடுகளில் இதைப் பார்த்ததும் முதலில் வருகிற சொல் வேறு. “அம்ம வார்த்திருக்கு மக்ளே, ஊசி கீசி ஒண்ணும் போடப்பிடாது. வேப்பங்கொழ ஒடிச்சிட்டு வா” என்பார் பாட்டி. வேப்பிலையால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் சின்னம்மை வேறு, இது வேறு. சின்னம்மையின் வைரஸ் டி.என்.ஏ. வகை, ஹெர்பிஸ் குடும்பம். அது பெரும்பாலும் நெஞ்சிலும் முதுகிலும் தொடங்கும், கடுமையாக அரிக்கும், ஒரே நேரத்தில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் உடம்பில் இருக்கும். கை, கால், வாய் நோயில் அரிப்பைவிட வாய்ப்புண்ணின் வலிதான் பெரிசு. குழந்தை எச்சில் ஒழுக்கிக்கொண்டு, பாலைக்கூடத் தள்ளிவிட்டு அழும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், பல பிள்ளைகளுக்குப் புட்டத்திலும் முட்டியிலும் கொப்புளம் வரும்.

மாடு வைத்திருக்கும் வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மாட்டுக்கு வாயிலயும் குளம்புலயும் வருமே, கோமாரி, அதுதானா?” நியாயமான சந்தேகம். இரண்டும் பிகார்னா வைரஸ் என்ற ஒரே பெருங்குடும்பம்தான். ஆனால் தனித்தனிக் கிளை. கோமாரி வைரஸால் குழந்தைக்கு இந்த நோய் வருவதில்லை. குழந்தையிடம் இருந்து மாட்டுக்கும் போவதில்லை. தொழுவத்தின் மேல் பழி போட வேண்டாம்.

போலியோவின் பங்காளிகள்

கை, கால், வாய் நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் அல்ல, ஒரு கூட்டம். எண்டரோவைரஸ் என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். குடலில் பெருகும் வைரஸ்கள். போலியோ வைரஸும் இதே இனம். சாதாரண ஜலதோஷத்தைத் தரும் ரைனோ வைரஸும் இதே இனம். இதற்குள் ‘ஏ’ என்கிற பிரிவில்தான் நம் ஆட்கள் இருக்கிறார்கள்: காக்சாக்கி ஏ16, ஏ6, ஏ10, பிறகு எண்டரோவைரஸ் ஏ71.

காக்சாக்கி என்பது அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். 1940களின் கடைசியில் கில்பர்ட் டால்டோர்ஃப், கிரேஸ் சிக்கிள்ஸ் என்ற இருவர் அந்த ஊரில் போலியோ என்று சந்தேகிக்கப்பட்ட குழந்தைகளின் மலத்தில் இருந்து ஒரு புது வைரஸைப் பிரித்தார்கள். பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சுகளில் மட்டும் அது வளர்ந்தது. போலியோவைத் தேடிப் போனபோது அதன் பங்காளி அகப்பட்ட கதை இது. தமிழ்நாட்டிலும் இந்தப் பங்காளிகள் போலியோவின் வரலாற்றில் குறுக்கிட்டிருக்கிறார்கள். வாய்வழிச் சொட்டு மருந்து இந்தியக் குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே எடுத்துக்காட்டினார். குடலில் ஏற்கெனவே வேறு எண்டரோவைரஸ்கள் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இந்த வைரஸின் உடம்பு மிக எளிமையானது. 30 நானோமீட்டர் அளவுள்ள ஒரு புரத உருண்டை. உள்ளே ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அந்த இழையின் நீளம் ஏறக்குறைய 7,400 எழுத்துகள். கொரோனா வைரஸுக்கு அது கிட்டத்தட்ட 30,000. நான்கில் ஒரு பங்கு நீளத்தை வைத்துக்கொண்டு இது எப்படிப் பிழைக்கிறது? தோவாளைச் சந்தையில் சரத்தை நீளமாகத் தொடுத்துவிட்டு முழம் முழமாக வெட்டிக் கொடுப்பார்களே, அதே முறை. மரபணு முழுவதையும் ஒரே நீளப் புரதமாகக் கட்டிவிட்டு, பிறகு வெட்டிக்கொள்கிறது. முன்பகுதி வெட்டுத் துண்டுகள் நான்கும் வெளிக்கூட்டைக் கட்டுகின்றன. மற்றவை நகலெடுக்கும் வேலையையும் வெட்டும் வேலையையும் பார்த்துக்கொள்கின்றன.

வெளிக்கூட்டின் நான்கு புரதங்களில் முக்கியமானது வி.பி.1. நம் உடம்பின் எதிர்ப்புப் புரதங்கள் அதிகமாக அடையாளம் காண்பதும், வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்வதும் இதைச் சார்ந்தே நடக்கின்றன. அதனால் ஆய்வகத்தில் வைரஸின் பெயரைக் கண்டுபிடிக்க வி.பி.1 மரபணுவைப் படித்தால் போதும். இரண்டு வைரஸ்களின் வி.பி.1 எழுத்துகள் 75 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் ஒரே வகை. குறைந்தால் வேறு வகை. 1999இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள் கொண்டுவந்த முறை இது. அதற்கு முன் வைரஸை வளர்த்து, ஒவ்வொரு வகை எதிர்ப்புச் சீரமாகக் கலந்து பார்த்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஏடு எழுதியவரின் பிழை

இந்த வைரஸின் நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் பழக்கம் கிடையாது. பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தப்பு விடும். மொத்தமே 7,400 எழுத்து என்பதால், ஒவ்வொரு நகலிலும் ஏறக்குறைய ஒரு பிழை என்று கணக்கு. பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடாக முடியும். சில பிழைகள் நன்மையும் இல்லாமல் தீமையும் இல்லாமல் தங்கிவிடும். 891 எழுத்து நீளமுள்ள ஏ71இன் வி.பி.1 பகுதியில் மட்டும் ஆண்டுக்கு நான்கைந்து எழுத்துகள் மாறுகின்றன.

நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டுக் கதைகளை ஓலையில் படியெடுத்து வைத்திருந்த வீடுகள் நிறைய. ஒருவர் படியெடுக்கும்போது ஒரு சொல்லைத் தவறாக எழுதியிருந்தால், அவர் ஏட்டைப் பார்த்து எழுதியவர்களின் படிகளிலும் அந்தத் தவறு இருக்கும். எந்த ஏட்டில் என்ன பாடபேதம் என்று பார்த்தே, எது எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று பதிப்பாசிரியர்கள் சொல்லிவிடுவார்கள். வைரஸ் மரபணு ஆய்வாளர்கள் செய்வதும் அதே வேலை. ஒரே பிழையைச் சுமந்திருக்கும் வைரஸ்களை ஒரு கிளையில் வைப்பார்கள். பிழைகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சேர்வதால், இரண்டு கிளைகள் எந்த ஆண்டுவாக்கில் பிரிந்தன என்றும் கணிப்பார்கள்.

ஏடு உதாரணத்தை இன்னும் ஒரு படி இழுக்கலாம். இரண்டு கதைகளின் ஏடுகள் கயிறு அறுந்து கலந்து, முன்பாதி ஒன்றாகவும் பின்பாதி வேறொன்றாகவும் கட்டப்பட்டால்? எண்டரோவைரஸ்களில் இது அடிக்கடி நடக்கிறது. ஒரு குழந்தையின் குடலில் ஒரே நேரத்தில் இரண்டு வகைகள் இருந்தால், நகலெடுக்கும் நொதி ஒரு இழையில் தொடங்கி மற்றொன்றுக்குத் தாவிவிடும். வெளிக்கூட்டைத் தரும் பகுதி பெரும்பாலும் அப்படியே நிற்க, பின்பகுதிதான் மாறிப்போகும். பெயர் பழசு, உள்ளே சரக்குப் புதுசு.

ஏ6 அப்படித்தான் மேலே வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2008க்கு முன்னால் அது பெரிதாகக் கவனிக்கப்படாத வகை. அந்த ஆண்டு பின்லாந்தில் பெரிய பரவலை உண்டாக்கியது. பிறகு ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று எங்கும் பரவியது. ஏ6 தரும் கொப்புளம் பெரியது; கை, கால், வாயோடு நிற்காமல் முகம், தொடை என்று பரவும்; பெரியவர்களையும் பிடிக்கும்.

இந்தியாவில் கிடைத்த தடயங்கள்

இந்த நோய் 2022இல்தான் நம் பக்கம் வந்தது என்று நினைப்பது தவறு. கோழிக்கோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் 2003 அக்டோபர் முதல் 2004 பிப்ரவரி வரை 81 பேருக்கு வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். இந்தியாவில் இந்நோயைப் பற்றிய முதல் அறிக்கை அது. அங்கே பரிசோதனைகள் காட்டியது எண்டரோவைரஸ் 71ஐ.

அடுத்த தடயம் வேலூரில். 2005 முதல் 2008 வரை சி.எம்.சி. தோல் நோய்ப் பிரிவுக்கு இந்த நோய் என்ற சந்தேகத்தோடு வந்த 30 பேரிடம் தொண்டை, வாய், கொப்புளம் என்று பல இடங்களில் மாதிரி எடுத்து, வைரஸை வளர்த்து, வி.பி.1ஐப் படித்தார்கள். 17 பேருக்கு உறுதியானது. பதினேழிலும் ஏ16. மீதி 13 பேருக்கு ஆய்வகத்தில் உறுதியாகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வதற்கும் ஆய்வகம் சொல்வதற்கும் அவ்வளவு இடைவெளி இருக்கிறது. பிறகு 2009, 2010இல் கேரளம், தமிழ்நாடு, மேற்கு வங்கம், ஒடிசா மாதிரிகளைப் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் பார்த்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் ஒரே காலத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஏ16ஓடு ஏ6உம் இருந்தது.

ஒரு ஊரில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவது ஒரே வைரஸாக இருக்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து தெரியும். மேல்தெருப் பிள்ளைக்கு ஏ16, கீழ்த்தெருப் பிள்ளைக்கு ஏ6 இருக்கலாம். “போன வருஷம்தானே வந்துது, மறுபடியும் எப்படி வந்துது?” என்று தாய்மார் கேட்பதற்கும் விடை இதுதான். ஏ16 வந்துபோனால் உடம்பு ஏ16ஐ நினைவில் வைத்துக்கொள்ளும். ஏ6 வந்து கதவைத் தட்டினால் அதற்கு இவர் புது ஆள்.

இதில் பயப்பட வேண்டியவர் யார்?

ஏ71. மற்றவர்கள் பெரும்பாலும் ஒரு வாரம் படுத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஏ71 மூளைத்தண்டைத் தாக்கக்கூடியது. 1969இல் கலிபோர்னியாவில் முதலில் பிரிக்கப்பட்டது. 1975இல் பல்கேரியாவில் 44 உயிர்களை எடுத்தது. 1997இல் மலேசியாவின் சரவாக்கிலும், 1998இல் தைவானிலும் பெரிய பரவல்கள் வந்தன. தைவானில் மட்டும் 1,29,000க்கு மேற்பட்டவர்களுக்கு நோய், 405 பேருக்குக் கடுமையான பாதிப்பு, 78 இறப்புகள். சீனாவில் 2008 முதல் 2012 வரை சுமார் 72 லட்சம் பேர் பதிவானார்கள். 2,457 பேர் இறந்தார்கள். பத்தாயிரத்துக்கு மூன்று அல்லது நான்கு என்ற விகிதம் சின்னதுதான். ஆனால் நோய் பரவும் அளவு பெரிதாகும்போது அந்தச் சின்ன விகிதமே இரண்டாயிரம் வீடுகளின் துக்கமாகிறது.

ஏ71க்குள்ளும் கிளைகள் உண்டு. கிழக்காசியாவில் ‘பி’, ‘சி’. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கம் ‘ஈ’, ‘எஃப்’. இந்தியாவுக்குச் சொந்தமான கிளைகளாகச் சொல்லப்படுபவை ‘டி’யும் ‘ஜி’யும். ‘டி’ கண்டுபிடிக்கப்பட்ட விதம் சுவையானது. கை, கால், வாய் நோயைத் தேடும்போது அது கிடைக்கவில்லை. போலியோவை ஒழிக்க நாடு முழுக்கக் குழந்தைகளின் திடீர் வாத நோயைக் கண்காணித்தார்கள் அல்லவா? அப்படி வந்த ஒரு மாதிரியில் போலியோ இல்லை, ஏ71 இருந்தது. மும்பை எண்டரோவைரஸ் ஆய்வு மையத்தின் ஜகதீஷ் தேஷ்பாண்டே குழுவினர் அது உலகம் அதுவரை பார்த்திராத மரபணுக் கிளை என்று 2003இல் அறிவித்தார்கள். கொப்புளம் வந்த குழந்தைகளைக் கண்ணால் பார்த்து மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதே வழக்கமாக இருக்கும்போது, ஆய்வகத்துக்குப் போகும் மாதிரி இப்படி வேறு வாசல் வழியாகத்தான் வருகிறது. எல்லாக் குழந்தைக்கும் பரிசோதனை வேண்டும் என்று சொல்ல மாட்டேன், அது வீண் செலவு. ஆனால் ஒரு அங்கன்வாடியில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒன்றாக வரும்போது இரண்டு பேரிடமாவது மாதிரி எடுத்தால், இந்த ஆண்டு சுற்றுவது ஏ71ஆ இல்லையா என்று தெரியும். கோவிட் காலத்தில் ஆர்.டி.-பி.சி.ஆர். கருவி மாவட்ட மருத்துவக் கல்லூரிகள் வரை வந்துவிட்டது. கருவி இருக்கிறது, பழக்கம்தான் வர வேண்டும்.

தடுப்பூசி? சீனாவில் 2015, 2016இல் மூன்று நிறுவனங்களின் ஏ71 தடுப்பூசிகளுக்கு அனுமதி கிடைத்தது. அங்கே சுற்றிய ‘சி4’ கிளையை வைத்துச் செய்தவை. ஏ71 தரும் நோயை 90 விழுக்காட்டுக்கு மேல் தடுத்தன. ஏ16, ஏ6இடம் அவை செல்லுபடியாகவில்லை. ஏ71 குறைந்த பின் சீனாவில் ஏ6 முன்னுக்கு வந்துவிட்டது. இந்தியக் குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையில் இவை எதுவும் இல்லை.

ஏன் ஐந்து வயதுக்குள்?

பிறந்த குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புப் புரதம் சில மாதம் காவல் நிற்கும். ஆறு மாதத்துக்குள் அது கரைந்துவிடும். அதன் பிறகு தவழ்ந்து, கிடைத்ததை வாயில் வைத்து, பால்வாடியில் பக்கத்துப் பிள்ளையின் எச்சில் பட்ட பொம்மையை வாங்கி விளையாடும் வயது. எச்சில், சளி, கொப்புள நீர், மலம் எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கிறது. தொற்றிய மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல் தொடங்கும். ஐந்து வயதைத் தாண்டும்போது பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றிரண்டு வகைகளையாவது சந்தித்திருப்பார்கள். பலருக்கு வந்ததே தெரியாமல் போயிருக்கும்.

ஆக, புதுசாகப் பிறக்கும் பிள்ளைகள்தான் வைரஸுக்கு விறகு. இரண்டு மூன்று ஆண்டுகள் விறகு சேரும், பிறகு பற்றும். சரவாக்கில் 1997, 2000, 2003, 2006 என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏ71 வந்தது. 2022இல் கொல்லத்தில் இவ்வளவு பேருக்கு வந்ததையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கோவிட் ஊரடங்கில் இரண்டு ஆண்டுகள் அங்கன்வாடிகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் ஒருவரையொருவர் தொடாமல் வளர்ந்தார்கள். கதவு திறந்தபோது, இந்த வைரஸ்களை ஒருமுறைகூடப் பார்த்திராத இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒன்றாகக் காத்திருந்தார்கள்.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்கள் வெயிலில் வறண்டு கிடக்கும் ஜூனில் இங்கே மழை. அதே ஜூனில் பள்ளிக்கூடமும் திறக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் எண்டரோவைரஸ்களுக்குப் பிடித்தவை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பிள்ளைகள் நெருங்கி உட்காரும் வகுப்பறை அதைவிடப் பிடித்தது.

சானிடைசர் போதாது

கொரோனா வைரஸுக்குக் கொழுப்புப் போர்வை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். எண்டரோவைரஸுக்கு அந்தப் போர்வையே இல்லை. வெறும் புரதக் கூடு. அதனால் சானிடைசருக்கு அவ்வளவாக அசையாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வைரஸை அடித்துக்கொண்டு போக வைக்க வேண்டும். முக்கியமாகப் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சோறு ஊட்டுவதற்கு முன்பும். பொம்மைகளையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைக்கலாம்.

பிள்ளையை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது? அறிகுறி தொடங்கியதில் இருந்து 5 முதல் 7 நாள் என்று 2022 மத்திய வழிகாட்டுதல் சொன்னது. கேட்க எளிதாக இருக்கிறது. முந்திரி ஆலையில் கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு வாரம் வீட்டில் இருப்பது என்றால் ஒரு வாரக் கூலி போச்சு. குமரியிலும் கொல்லத்திலும் முந்திரி ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர் மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதும் பிள்ளையை அங்கன்வாடியில் விட்டால், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், தொற்று மிக அதிகமாகப் பரவுவது முதல் வாரத்தில்தான். காய்ச்சல் நின்று, கொப்புளம் வற்றி, வாயில் இருந்து எச்சில் ஒழுகுவது நின்றபின் அனுப்பலாம். மலத்தில் வைரஸ் இன்னும் சில வாரம் இருக்கும். அதற்காக அத்தனை வாரமும் பிள்ளையை அடைத்துவைக்க முடியாது, அங்கன்வாடியில் கை கழுவ சோப்பும் தண்ணீரும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

வைரஸைக் கொல்லும் மருந்து இதற்கு இல்லை. ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. கொப்புளம் சீழ் பிடித்தால் மட்டும் மருத்துவர் தருவார். காய்ச்சலுக்கும் வலிக்கும் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால். ஆஸ்பிரின் கூடாது. சாப்பிடவில்லையே என்று வற்புறுத்த வேண்டாம், தண்ணீர் உள்ளே போகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆறின கஞ்சி, இளநீர், நுங்கு, ஓ.ஆர்.எஸ். கரைசல் எதுவானாலும் சரி, கொஞ்சம் கொஞ்சமாக. காரமும் புளிப்பும் புண்ணில் தீயாக எரியும்.

ஏழெட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை, வாந்தி நிற்கவில்லை, தூக்கத்தில் திரும்பத் திரும்பத் திடுக்கிட்டுக் கைகால் உதறுகிறது, நடையில் தள்ளாட்டம், கூப்பிட்டால் சரியாக விழிக்காத மயக்கம், மூச்சு வேகம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஏ71 மூளையைத் தொடும்போது காட்டும் முகம் இதுதான். அந்த நேரத்தில் கொப்புளம் குறைவாக இருப்பதும் நிறைய இருப்பதும் கணக்கில் இல்லை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்தில் குழந்தை மருத்துவர் இருக்கும் வேறு இடமோ, உடனே கொண்டுபோக வேண்டும்.

பிள்ளை முழுக்கத் தேறி, எல்லோரும் மறந்துபோன பின்னால், ஒன்றிரண்டு மாதம் கழித்து, தாய்மாரைப் பதற வைக்கும் இன்னொன்று நடக்கும். கை விரல் நகமோ கால் விரல் நகமோ அடியில் இருந்து கழன்று உரிந்து வரும். வலி இருக்காது. சத்துக் குறைவு என்று டானிக் வாங்குபவர்கள் உண்டு, பூஞ்சைக்கு மருந்து தடவுபவர்களும் உண்டு. பெரும்பாலும் ஏ6இன் வேலை அது. பின்லாந்தில் 2008இல் பரவலை அடையாளம் காட்டிய தடயங்களில் உதிர்ந்த நகங்களும் அடக்கம். நகம் முளைக்கும் இடம் காய்ச்சல் நாட்களில் கொஞ்ச காலம் வேலையை நிறுத்தியிருக்கும், அவ்வளவுதான். பழைய நகத்தைப் பிய்க்காமல் விட்டால், அடியில் புது நகம் தானாக முளைத்து வரும்.